சூரியனைப் பார்க்க கண்ணாடி தேடினார்... கண்ணுக்கே தெரியாத கதிர் சிக்கியது!

டிவி ரிமோட்டை எடுங்க. அதோட முனையில் இருக்கும் குட்டி பல்பை உங்க போனின் செல்ஃபி கேமராவுக்கு நேரா காட்டி, ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்க. வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனா பெரும்பாலான போன்களில், திரையில் ஒரு வெளிச்சப் புள்ளி மினுக் மினுக்னு துடிக்கும். அதுதான் அகச்சிவப்புக் கதிர். அதை முதன்முதலா கண்டுபிடித்த மனிதர் அதைத் தேடிப் போகவே இல்லை. சூரியனை டெலஸ்கோப்பில் கண் கெடாமல் பார்க்க ஒரு நல்ல கண்ணாடி கிடைக்குமா என்பதுதான் அவரோட கவலை.

அவர் பெயர் வில்லியம் ஹெர்ஷல். 1738-ல் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தவர். அப்பாவைப் போலவே ராணுவ பேண்டில் ஓபோ வாசித்தவர். 1757-ல் இங்கிலாந்துக்குப் போய், பாத் நகரத் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்து, பாட்டு டியூஷன் எடுத்துப் பிழைத்தார். வானம் பார்க்கும் பித்து பிடித்தது முப்பது வயசுக்கு மேலேதான். நல்ல டெலஸ்கோப் வாங்கக் காசில்லை. சரி, நாமே செய்வோம்னு இறங்கிவிட்டார். செம்பும் வெள்ளீயமும் கலந்து உருக்கி, அச்சில் ஊற்றி, நாள் முழுக்கத் தேய்த்துப் பளபளப்பாக்கினால்தான் அந்தக் காலத்து டெலஸ்கோப் ஆடி கிடைக்கும். ஒருமுறை 16 மணி நேரம் கையை எடுக்காமல் தேய்த்திருக்கிறார். சாப்பாட்டை வாயில் ஊட்டிவிட்டது தங்கை கரோலின். இன்னொருமுறை உருகிய உலோகம் தரையில் ஓடி, தரைக்கற்கள் வெடித்துப் பறந்ததில், வீட்டுக்குள்ளிருந்து தலைதெறிக்க ஓடினார்கள். நம்ம வீட்டில் இப்படி நடந்திருந்தா அன்னிக்கே எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பாங்க!

1781 மார்ச் 13 இரவு, அந்த வீட்டுத் தோட்டத்தில் நின்று, சொந்தமாகச் செய்த டெலஸ்கோப்பில் யுரேனஸைக் கண்டார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வருடத்துக்கு 200 பவுண்டு கொடுக்க, பாட்டு டியூஷனுக்கு குட்பை. இந்தக் கதை உங்களுக்குப் பள்ளிப் பாடத்திலேயே தெரிந்திருக்கும். நாம பேச வந்தது அதுக்குப் பிறகு நடந்தது.

பெரிய ஆடி நிறைய வெளிச்சத்தை அள்ளும். மங்கலான நட்சத்திரத்துக்கு அது வரம். சூரியனை நோக்கித் திருப்பினால் ஆபத்து. லென்ஸால் காகிதத்தைப் பொசுக்கியிருக்கீங்கல்ல, அந்தப் பொசுக்கும் புள்ளி அப்படியே உங்க கண்ணுக்குள் விழும். அதனால் கண் வைக்கும் இடத்தில் கலர் கண்ணாடிகளைப் பொருத்தி, ஒவ்வொரு நிறமாகச் சோதித்தார் ஹெர்ஷல். அப்போ ஒரு விசித்திரம். சில கண்ணாடிகள் வழியே சூரியன் மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனா கண் சுட்டது. வேறு சிலவற்றில் வெளிச்சம் தாராளமாக வந்தது, சூடு அவ்வளவாக இல்லை. வெளிச்சம் குறைந்தால் சூடும் குறையணும்தானே? ஏன் குறையலை?

வேறு யாராவதா இருந்தால் சுடாத கண்ணாடியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் 1800-ல் ஒரு முப்பட்டகத்தை வைத்து வெயிலை நிறங்களாகப் பிரித்தார். குமிழைக் கறுப்பாக்கிய வெப்பமானியை ஒவ்வொரு நிறத்திலும் வைத்தார். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்தில் வேறு வெப்பமானிகளை நிழலில் வைத்தார். ஊதாவில் 2 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறியது. பச்சையில் 3-க்குக் கொஞ்சம் மேல். சிவப்பில் கிட்டத்தட்ட 7. அடுத்து, சிவப்பு முடிந்து நிறமே இல்லாத இடத்துக்கு வெப்பமானியை நகர்த்தினார். அங்கேயும் ஏறியது!

கண் சுட்டதற்குக் காரணம் இதுதான். கண்ணாடி வெளிச்சத்தை வடிகட்டியது, கண்ணுக்குத் தெரியாத சூட்டை உள்ளே விட்டுவிட்டது. இந்த முடிவுகளை வெளியிட்ட கட்டுரையின் நீளமான தலைப்பிலேயே, பெரிய டெலஸ்கோப்பில் சூரியனைப் பார்ப்பது எப்படி என்ற விஷயமும் சேர்ந்தே இருந்தது. புகை படியவைத்த கரும்பச்சைக் கண்ணாடி அவருக்குப் பிடித்துப்போனது. அடுத்த வருடம் இன்னும் வினோதமாக, எழுதும் மையைத் தண்ணீரில் கரைத்து, தாளில் வடிகட்டி, அதன் வழியே பார்த்தார். சூரியன் பளிச்சென்ற வெள்ளையாகத் தெரிந்தது. மை வெளிச்சத்தைக் குறைத்தது, தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கியது. கில்லாடி!

தயவுசெஞ்சு இதை வீட்டில் முயற்சி பண்ணாதீங்க. கறுப்பாக இருப்பதெல்லாம் பாதுகாப்பு இல்லை. எக்ஸ்ரே ஃபிலிம், சிடி, புகைக் கண்ணாடி எல்லாத்துக்கும் இது பொருந்தும். ரெட்டினாவில் வலி தெரியாது, அதனால் கண் கெடும்போது உங்களுக்கு எச்சரிக்கையே வராது. விலை மலிவான சில டெலஸ்கோப்களோடு, கண் வைக்கும் லென்ஸில் திருகிக்கொள்ள ஒரு குட்டிக் கறுப்புக் கண்ணாடி வரும். எல்லாச் சூடும் குவிவது அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிசல் விடலாம். அதைத் தூக்கிப் போட்டுடுங்க. டெலஸ்கோப்பின் முன்வாயை முழுசா மூடுகிற, டெலஸ்கோப்புக்குன்னே செய்த சோலார் ஃபில்டர்தான் சரி. சூடு உள்ளே நுழையும் முன்பே அது தடுத்துவிடும். ஒவ்வொரு தடவையும் அதில் ஓட்டை, கீறல் இருக்கான்னும் பாருங்க.

ஹெர்ஷல் எல்லாத்திலும் சரியாக இருந்தார்னு நினைக்காதீங்க. சூரியனில் உயிர்கள் வாழ்வதாக நம்பினார். சூரியப் புள்ளிகள் குறைந்தால் கோதுமை விலை ஏறும் என்று 1801-ல் சொல்லி, கிண்டலுக்கு ஆளானார். தான் கண்டுபிடித்த கதிரும் வெளிச்சமும் ஒரே வகை என்பதைக்கூடக் கடைசியில் அவர் ஏற்கவில்லை.

1822 ஆகஸ்ட் 25-ல் இறந்தார். சூரியனைப் பார்க்கும் கருவிகளில் ‘ஹெர்ஷல் வெட்ஜ்’ என்று ஒன்று இன்றும் விற்பனையில் இருக்கிறது. வெளிச்சத்தில் சுமார் 5 சதவிகிதத்தை மட்டும் கண் பக்கம் அனுப்பி, மிச்சத்தையும் சூட்டையும் பின்பக்கமாக வெளியேற்றும் கண்ணாடித் துண்டு அது. கூடவே இன்னொரு ஃபில்டரும் போட்டுத்தான் அதைப் பயன்படுத்தணும். பெயரைப் பார்த்து இவர் செய்தது என்று நினைப்போம். செய்தது இவர் மகன் ஜான்.