டோனாவூர் அம்மா

ஏமி கார்மைக்கேல் அயர்லாந்து நாட்டின் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், ஏழு பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். பதினேழாம் வயதில் தந்தையை இழந்தார். பெல்பாஸ்ட் நகரின் ஆலைப் பெண்களுக்குத் தொண்டாற்றிய நாளில், மனைவியையும் மகளையும் பறிகொடுத்திருந்த இராபர்ட் வில்சன் என்னும் முதியவர் அவரைத் தம் மகளாக ஏற்றுக்கொண்டார். ஏமியும் தம் பெயருடன் வில்சன் என்பதைச் சேர்த்து எழுதலானார். வளர்ப்பு உறவின் அருமையை அவர் முதலில் ஒரு மகளாக இருந்தே அறிந்தார்.

சமயப் பணிக்காக ஜப்பானில் சில காலம் தங்கியபின், 1895இல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையில் தங்கித் தமிழ் பயின்றார், சேலை உடுத்தினார். குழந்தைகளை வளர்க்கும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. ஊர் ஊராகச் சென்று சமயம் பரப்புவதே அவர் நோக்கமாக இருந்தது.

1901ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்த நோக்கம் திசைமாறியது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி, இரவில் தப்பிப் பண்ணைவிளைக்கு வந்து சேர்ந்தாள். முன்பு ஒருமுறை தூத்துக்குடியிலிருந்த தாயிடம் ஓடிச்சென்றும், தாய் அஞ்சித் திருப்பி அனுப்பிவிட்டாள். அதற்குத் தண்டனையாகச் சிறுமியின் கைகளில் சூடு போட்டிருந்தனர். மறுநாள் காலை ஏமியிடம் அழைத்துவரப்பட்ட அவள், தயக்கமின்றி அவர் மடியில் ஏறி அமர்ந்தாள். அவரை அம்மா என்றே கருதினாள்.

அவளைத் தொடர்ந்து வேறு குழந்தைகளும் வந்தனர். டோனாவூர் அவர்களின் இல்லமாயிற்று. 1904 முதல் கைக்குழந்தைகளும் வந்து சேர்ந்தனர். பால் கிடைப்பது அரிதாயிருந்தது, நோயும் தாக்கியது, பல பிஞ்சுகள் மடிந்தன. நெய்யூரில் அக்குழந்தைகளை இரவு பகலாகப் பேணிய பொன்னம்மாள் இன்றேல் எஞ்சியோரும் பிழைத்திருப்பது ஐயமே. பிறந்தநாள் அறியாத பிள்ளைகளுக்கு, அவர்கள் இல்லத்துக்கு வந்த நாளே விழா நாளாயிற்று.

அன்பு இருந்தது, சட்டத்தின் துணை இல்லை. அயல்நாட்டுக் கிறித்தவப் பெண் ஒருவர் இந்நாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க அன்றைய சட்டத்தில் வழியில்லை. 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் இசைந்தால் காப்பாளர் ஆகலாம், அவ்வளவே. உறவினர் வந்து கேட்டால் குழந்தையைத் திருப்பித் தரவேண்டிய நிலை. அவ்வாறு எழுந்த ஒரு வழக்கில், 1911இல் தீர்ப்பு ஏமிக்கு எதிராக அமைந்தது. ஆனால், ஒப்படைக்கப்பட வேண்டிய சிறுமியைக் காணவில்லை. அவள் மாறுவேடத்தில் இலங்கைக்கும், அங்கிருந்து சீனாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டிருந்தாள். சட்டத்தின் கண்ணில் இது குற்றமே. பெற்ற தாயின் உரிமையை ஓர் அயலார் மறுக்கலாமா என்னும் வினாவும் எளிதில் விடைகாணத் தக்கதன்று. இத்தகைய இடர்ப்பாடுகளை முறைப்படுத்தும் நெறிகளை, 1984இல்தான் இந்திய உச்ச நீதிமன்றம் அயல்நாட்டினர் தத்தெடுப்பதற்கென வகுத்தது. பொட்டுக்கட்டும் வழக்கமோ சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முத்துலட்சுமி அம்மையார் ஆண்டுக்கணக்கில் போராடவேண்டியிருந்தது.

1918 முதல் டோனாவூர் ஆண் குழந்தைகளையும் ஏற்றது. மறு ஆண்டு அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தபோது, ஏமி அதனைப் பெற விழாவுக்குச் செல்லவில்லை. 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அறையிலேயே கழிந்தன. படுக்கையிலிருந்தே நூல்கள் எழுதினார். பிள்ளைகள் அவ்வறைக்கு வந்து போயினர். இந்தியாவுக்கு வந்தபின் அவர் ஒருமுறையும் தாய்நாடு திரும்பவில்லை.

1951ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் மறைந்தார். தம் கல்லறையில் நினைவுக்கல் வேண்டா என்று முன்பே கூறியிருந்தார். பிள்ளைகள் அங்குப் பறவைகள் நீர் அருந்தக் கல்தொட்டி ஒன்றை அமைத்து, அதில் அம்மா என்று மட்டும் பொறித்தனர்.