இலத்திரனின் வழி தேடிய எலியேசர்

பேராசிரியர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசரைப் புலம்பெயர்ந்த நம்மவர் பலரும் அவுஸ்திரேலியத் தமிழர் அமைப்புகளின் தலைவராகவே அறிவர். 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் தஞ்சம் தேடியவர்களுக்காக அந்நாட்டு அரசின் கதவைத் தட்டியவர்களுள் அவர் முதன்மையானவர். ஆனால் பௌதிக அறிஞர்களிடையே அவர் பெயர் வேறொரு காரணத்தால் நிலைத்திருக்கின்றது.

1918 இல் பிறந்த எலியேசர் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் கற்றார். கொழும்பில் கணிதத்தில் சிறப்புற்றுத் தேறி, கேம்பிறிட்ஜ் சென்றார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அங்கு அவருக்கு ஆசானாக வாய்த்தவர், 1933 இல் நோபல் பரிசு பெற்ற போல் டிறாக். சொற்சிக்கனத்துக்குப் பேர்போன அந்த மேதையிடம் மாணவராவது எளிதன்று.

மின்னேற்றம் கொண்ட துகள் ஒன்று ஆர்முடுகும்போது கதிர்ப்பை வெளிவிடும். வெளிவிட்ட சக்தியைத் தானே இழக்க வேண்டும். ஆகவே அதன் ஓட்டமும் மாற வேண்டும். அந்த மாற்றத்தை எவ்வாறு கணிப்பது? 1938 இல் டிறாக் இதற்கொரு சமன்பாட்டை வகுத்தார். எலியேசர் அதனை ஐதரசன் அணுவுக்குப் பிரயோகித்துப் பார்த்தார். கருவை நோக்கி நேராக விழும் இலத்திரன் கருவில் மோதும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். 1943 இல் அவர் வெளியிட்ட முடிபோ நேர்மாறானது. இலத்திரன் கருவை எட்டாது. இடையில் நின்று, திரும்பி, மேன்மேலும் விரைந்து வெளியே ஓடிவிடும். ஈர்க்கும் கருவிலிருந்து அது விலகி ஓடுவதென்பது இயற்கைக்கு ஒவ்வாதது. கணிப்பில் பிழையில்லை, குறை சமன்பாட்டிலேயே இருந்தது. குருவின் சமன்பாட்டில் இருந்த குறையை மாணவர் இப்படிக் கணித்துக் காட்டியதை நம்மூர்ப் பள்ளிக்கூடங்கள் சற்று ஊன்றிப் பார்க்கலாம். 1948 இல் இக்குறை நேராத மாற்றுச் சமன்பாடொன்றையும் எலியேசர் முன்வைத்தார். அமெரிக்க அறிஞர்களான போர்டும் ஓகொனலும் 1991 இல் வேறு வழியால் அதே வடிவத்தை அடைந்தனர். இன்று அது மூவர் பெயராலும் வழங்குகின்றது.

நாடு திரும்பிய அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகவும் விஞ்ஞான பீடாதிபதியாகவும் விளங்கினார். 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1958 இல் கலவரம் வெடித்தது. 1959 இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1968 இல் மெல்பேணின் லா துறோப் பல்கலைக்கழகம் அவரைப் பிரயோக கணிதப் பேராசிரியராக ஏற்றது.

கடதாசியில் இருந்த அந்தக் கணிப்புக்கு நீண்ட காலம் பரிசோதனைக்களம் இருக்கவில்லை. கதிர்ப்பின் எதிர்விளைவு அவ்வளவு நுண்ணியது. இலத்திரனுக்குப் பெருஞ்சக்தியூட்டவோ நெடுந்தூரம் தேவைப்பட்டது. ஜெனீவா சேர்ன் ஆய்வுகூடத்தின் வளையச் சுரங்கம் 27 கிலோமீற்றர். மோர்டனில் நிலக்கீழ் வண்டியேறி, பாங்க் வழியாக ஈஸ்ட் பிஞ்ச்லி வரை போகும் அன்பர்கள் ஏறக்குறைய அதேயளவு சுரங்கத்தைக் கடக்கிறார்கள். 1979 இல் தஜிமா, டோசன் இருவரும் வேறு வழி கூறினர். செறிந்த லேசர்த் துடிப்பொன்றை வாயுவினுள் செலுத்தினால் அது பிளாஸ்மாவாகும். படகின் பின்னால் எழும் அலைபோல் துடிப்பின் பின்னால் ஓர் அலை எழும். அவ்வலையில் ஏறும் இலத்திரன்கள் விரல் நீளத்துக்குள்ளேயே பெருஞ்சக்தி பெறும்.

ஒக்ஸ்போர்ட்ஷயரில் டிட்கொற் அருகேயுள்ள றதர்போர்ட் அப்பிள்டன் ஆய்வுகூடத்தில், ஜெமினி என்னும் லேசரைக் கொண்டு இவ்வாறு பெற்ற இலத்திரன்களை இரண்டாவது லேசர்த் துடிப்புடன் எதிரெதிரே மோதவிட்டனர். காமாக் கதிர்கள் தோன்றின. இலத்திரன்களும் சக்தி இழந்திருந்தன. முடிபுகள் 2018 இல் வெளியாயின. அத்தகைய செறிந்த புலத்தில் இலத்திரனின் ஓட்டத்துக்கு எந்தச் சமன்பாடு பொருந்தும் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. குவாண்டம் கொள்கையும் அதில் புகுந்துவிட்டது. அவ்விவாதத்தில் எடுத்தாளப்படும் சமன்பாடுகளுள் எலியேசர் பெயர் கொண்டதும் ஒன்று.

2001 மார்ச்சில் அவர் மெல்பேணில் காலமானார்.