ஜார்ஜ் ஈஸ்ட்மனும் படச்சுருள் தொழிலும்

நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் வழங்கும் பேச்சிப்பாறை அணையை நம்மில் அறியாதார் இலர். திருவிதாங்கூரை ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா ஆண்ட நாளில், மிஞ்சின் என்னும் ஐரோப்பிய எஞ்சினீயரின் மேற்பார்வையில், கோதையாற்றின் குறுக்கே 1897-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அவ்வணை 1906-ஆம் ஆண்டு முற்றுப்பெற்றது. அதன் நீர் பத்து வயலுக்குப் பாயினும் பதினாயிரம் வயலுக்குப் பாயினும் அதனை எழுப்பிய செலவு ஒன்றே. வயல்கள் பெருகுந்தோறும் ஒவ்வொரு வயலின் தலையிலும் விழும் பங்கு குறையும். வயல்கள் குறையுந்தோறும் அப்பங்கு ஏறும். பெருஞ்செலவில் நாட்டிய யந்திரங்களால் நடைபெறும் தொழில் யாவற்றுக்கும் இவ்விதி பொருந்தும். இதனை நன்குணர்ந்து, அவ்வுணர்ச்சியாலேயே பெருஞ்செல்வம் எய்தியவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். அவர் வரலாற்றையும், அவர் வளர்த்த தொழிலின் இந்நாளைய நிலையையும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

ஈஸ்ட்மன் 1854-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்வில் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ராச்செஸ்டர் நகரில் வணிகக் கல்வி புகட்டும் பள்ளி ஒன்றை நடத்தியவர். 1862-ஆம் ஆண்டு காலமானார். அன்னையார் வீட்டில் உணவுடன் தங்குவோரை ஏற்று, அவர் தரும் பணங்கொண்டு குடும்பத்தைப் பேணினார். தமக்கையருள் ஒருவர் இளம்பிள்ளை வாதத்தால் நடக்கவியலாதவர். இவ்வறுமையிற் சிக்கிய சிறுவர் பதினான்காம் பிராயத்திற் பள்ளியை விட்டு, வாரம் மூன்று டாலர் சம்பளத்தில் இன்ஷூரன்ஸ் காரியாலயம் ஒன்றில் ஏவலாளாய் அமர்ந்தார். 1874-ஆம் ஆண்டு பாங்கியொன்றிற் குமாஸ்தாவானார்.

இருபத்து நான்காம் பிராயத்தில் ஒரு கடற்பயணத்தை உத்தேசித்து, படம் பிடிக்கும் கருவிகளை வாங்கினார். பயணம் நிகழவில்லை, கருவிகள் மட்டும் கையில் நின்றன. அந்நாளிற் படமெடுப்போர், கண்ணாடித் தகட்டில் மருந்தை அவ்விடத்திலேயே பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்து முடித்தல் வேண்டும். ஆதலின் கூடாரமும் மருந்துப் புட்டிகளும் உடன் சுமந்து செல்லவேண்டியிருந்தது. ஜெலாட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து பூசி உலர்த்திய தகட்டைப் பலநாள் கழித்தும் உபயோகிக்கலாமென்று ஆங்கிலப் பத்திரிகையொன்றிற் படித்த ஈஸ்ட்மன், பகலிற் பாங்கியில் உழைத்து, இரவில் அன்னையாரின் அடுக்களையில் அம்மருந்தைக் காய்ச்சிப் பழகினார். மருந்தைக் கையாற் பூசுவதினும் யந்திரத்தாற் பூசுதல் விரைவும் ஒழுங்கும் உடையதென்று கண்டு, அதற்கென ஒரு யந்திரம் அமைத்து, 1879-ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் உரிமை பெற்றார். அவர் தாயார் வீட்டில் தங்கியிருந்த ஹென்றி ஸ்டிராங் என்னும் சாட்டை வியாபாரி முதல் போட, 1881-ஆம் ஆண்டு கூட்டு வியாபாரம் தொடங்கிற்று.

தொடங்கிய சிறிது காலத்திலேயே பெருஞ்சோதனை வந்துற்றது. விற்ற தகடுகள் ஒளியை ஏற்கும் திறன் இழந்தன. ஈஸ்ட்மன் அவற்றையெல்லாம் திரும்பப் பெற்று, கைம்மாறாக நல்ல தகடுகளை விலையின்றி அளித்தார். கைப்பொருள் கரைந்தது, நம்பிக்கை வளர்ந்தது. பிழை ஜெலாட்டினில் உள்ளதென்று தெளிந்தது. ஜெலாட்டினின் குணம் ஒரு சரக்கிற்கு ஒரு சரக்கு வேறுபடுவதன் காரணம் 1920-களில்தான் விளங்கிற்று. அவர் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் ஷெப்பர்ட் என்னும் அறிஞர், கடுகெண்ணெயில் உள்ளது போன்ற கந்தகச் சேர்க்கை அணுவளவு ஜெலாட்டினில் இருப்பின் ஒளியை ஏற்கும் திறன் மிகுமென்று கண்டார். கால்நடை மேய்ந்த பூண்டு வரையில் இத்தொழிலின் நுட்பம் சென்று முட்டுதல் வியக்கற்பாலது.

கண்ணாடி கனமானது, உடையுந்தன்மையது. அதற்கு மாறாக முதலிற் காகிதச் சுருளையும், பின்னர் 1889-ஆம் ஆண்டு ஒளி ஊடுருவும் படச்சுருளையும் ஈஸ்ட்மன் விற்கலானார். சலனப்படக் கருவி சமைக்க முயன்ற எடிசனுக்கு இச்சுருளே கைகொடுத்தது. இதற்கிடையே 1888-ஆம் ஆண்டு கோடாக் என்னும் காமிரா வெளிவந்தது. விலை 25 டாலர். நூறு படத்துக்குரிய சுருள் உள்ளேயே இருந்தது. எடுத்து முடித்தபின் காமிராவைத் தொழிற்சாலைக்கே அனுப்பினால், 10 டாலருக்குப் படங்களை அச்சிட்டு, புதுச்சுருள் இட்டுத் திருப்பி அனுப்புவர். 1900-ஆம் ஆண்டு பிரௌனி என்னும் காமிரா ஒரே டாலருக்கு வந்தது. அதன் சுருளோ 15 சென்ட். காமிராவை ஒருவன் ஒருமுறை வாங்குவான். சுருளை வாழ்நாளெல்லாம் வாங்குவான். ஈஸ்ட்மன் வியாபாரத்தின் மர்மம் இதுவே.

அவர் புகழில் ஒரு மறுவும் உண்டு. நியூஆர்க் நகரத்துக் குருவானவராகிய ஹானிபல் குட்வின் ஐயர், வேதபாடச் சித்திரங்களைச் சிறுவர்க்குக் காட்டும் வழி தேடி, ஒளி ஊடுருவும் சுருளைத் தாமே செய்து, 1887-ஆம் ஆண்டு உரிமை கோரி விண்ணப்பித்தார். அவ்வுரிமை 1898-ஆம் ஆண்டுதான் கிடைத்தது. 1900-ஆம் ஆண்டு அவர் காலமானார். அவ்வுரிமையை மேற்கொண்ட கம்பெனி வழக்காட, நீதிமன்றம் ஈஸ்ட்மனுக்கு மாறாகத் தீர்ப்பளித்தது. 1914-ஆம் ஆண்டு ஐம்பது இலட்சம் டாலர் கொடுத்து அவர் கம்பெனி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

இல்லறம் புகாத ஈஸ்ட்மன் தம் செல்வத்தைத் தம் கையாலேயே பகிர்ந்தளித்தார். 1912-ஆம் ஆண்டு முதல் தொழிலாளர்க்கு இலாபத்தில் ஒரு பங்கு வழங்கப்பெற்றது. 1919-ஆம் ஆண்டு தம் பங்குகளில் மூன்றிலொன்றை அவர்களுக்கே ஈந்தார். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலைக்குத் தம் பெயரை மறைத்துப் பெருந்தொகை வழங்கினார். ராச்செஸ்டர் சர்வகலாசாலை, கறுப்பு இனத்தவரின் கல்விக்கென நிறுவிய டஸ்கிகி, ஹாம்ப்டன் கலாசாலைகள், லண்டன் முதலிய நகரங்களின் பல் வைத்தியசாலைகள் ஆகியன அவர் கொடையாற் பயனுற்றன. முதுமையில் முதுகெலும்பு நோயால் மிக வருந்திய அப்பெரியார், 1932-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அம்முடிவு எண்ணுந்தோறும் துயர் தருவதாகும்.

இனி, அவர் தொழிலின் பிற்கால நிலையைக் காண்போம். படச்சுருள் செய்யும் யந்திரம் மிகப் பெரியது. ஒரு மீட்டருக்கு மேற்பட்ட அகலமும் கிலோமீட்டர்க் கணக்கான நீளமுமுடைய தாளில், காரிருளில், மயிரிழையினும் மெல்லிய பல படலங்களை அது பூசுகின்றது. ஓடத் தொடங்கி ஒழுங்குபடுமுன் கழிவாவது சிறிதன்று. ஒரு நாள் ஓடினால் எண்ணிறந்த சுருள்கள் குவியும். குவித்து வைத்தாலோ நாட்பட நாட்பட அவை திறன் குன்றும். ஆகவே பெருந்திரளான ஜனங்கள் இடையறாது வாங்கினாலன்றி அவ்யந்திரம் தன் செலவைத் தானே தாங்காது. டிஜிட்டல் காமிரா பரவியபின் வாங்குவோர் அருகினர், செலவு அருகவில்லை. 2012-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஈஸ்ட்மன் கம்பெனி கடன்காரரிடமிருந்து நீதிமன்றத்தின் காப்பை நாடிற்று. பின்னர் மீண்டு, ராச்செஸ்டரில் இன்றும் படச்சுருள் செய்துவருகின்றது.

நம் மாநிலத்திலும் இவ்விதி தன் வலிமையைக் காட்டிற்று. 1960-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் கம்பெனியை நிறுவி, தூசியற்ற குளிர்காற்று வாய்ந்த உதகமண்டலத்தில் ஆலையமைத்தது. 1967-ஆம் ஆண்டு தொடங்கி, இந்து என்னும் பெயரில், சினிமாச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் படத்தாளும் அங்கே உருவாயின. 1991-க்குப் பின் வெளிநாட்டுச் சரக்கின் சுங்கம் தளர்ந்தது. புதிய ஆலைக்கென வாங்கிய கடனின் வட்டியோ ஏறிற்று. நலிந்த கம்பெனியென அறிவிக்கப்பெற்று, ஆண்டு பல தள்ளாடி, முடிவில் அவ்வாலை மூடப்பட்டது. இருளில் கைப்பழக்கத்தால் வேலை செய்து தேர்ந்த மலைநாட்டுத் தொழிலாளர் கலைந்து போயினர்; அவர் அறிவும் அவருடனே போயிற்று. கட்டடத்தை மீட்டும் எழுப்பலாம். அவ்வறிவைப் பெற மீண்டும் ஒரு தலைமுறை வேண்டும்.

எனினும் இத்தொழில் முற்றும் மாண்டிலது. இங்கிலாந்தில் இல்போர்டு கம்பெனி 2004-ஆம் ஆண்டு முறிவுற்றபோது, அதன் மேலாளர் சிலரே அதனை விலைக்கு வாங்கி நடத்தினர்; கறுப்பு வெள்ளைச் சுருளும் படத்தாளும் அங்கே இன்றும் உருவாகின்றன. இத்தாலியில் பெரானியா என்னும் ஊரில், மூடிய பேராலையின் பெருயந்திரங்களை விடுத்து, ஆராய்ச்சிக்கென வைத்திருந்த சிறு யந்திரத்தைக் கொண்டு சிலர் வேலை தொடங்கினர். 2017-ஆம் ஆண்டு அவர்தம் கறுப்பு வெள்ளைச் சுருள் கடைக்கு வந்தது. சிறு யந்திரத்தில் சுருளின் விலை கூடும். ஆயினும் வாங்குவோர் சிலரேயாயினும் அச்செலவுக்கு அவர் போதும்.

திரளான ஜனங்கள் உள்ளபோது பெருமையே மலிவைத் தரும். திரள் கலைந்தபின் அப்பெருமையே சுமையாகும். ஈஸ்ட்மன் பிறந்த நாட்டிலும் நீலகிரியிலும் நிகழ்ந்தது இதுவே. நாளை தொழில்துறையிற் புகவிருக்கும் மாணவர், யந்திரத்தின் அளவை விரும்பும் அளவில் வைக்காது, தேவையின் அளவில் வைக்கக் கற்றல் வேண்டும். பழுதுபட்ட தகடுகளை விலையின்றி மாற்றித் தந்த நேர்மையோ பெரிய ஆலைக்கும் சிறிய ஆலைக்கும் ஒப்ப வேண்டப்படுவது.