ஒன்றரைக் கிலோமீற்றர் கம்பி

வில்கமுவவில் விடியமுன் வீதியில் இறங்க எல்லோருக்கும் பயம். வஸ்கமுவக் காட்டு யானைகள் நடமாடும் நேரம் அது. ஆனால் கண்டியில் கிளினிக் என்றால் அந்த நேரத்தில்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கவேண்டும். எனக்கு இங்கே அரசாங்க வேலை. 2009இல் அப்பாவை வன்னியில் இழந்தபின் அம்மா என்னோடுதான் இருக்கிறா.

போன வருடம் அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் நோய். அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம். மயக்க மருந்து கொடுத்து, மின்னதிர்ச்சியால் துடிப்பைச் சீராக்கினார்கள். ஆனாலும் அது திரும்பி வரலாம். வந்தாலும் நோயாளிக்குத் தெரியாமல் இருக்கலாம். கிளினிக் நாளில் ஈ.சி.ஜி. சரியாக இருக்கும், வீட்டில் ஒரு இரவு குழம்பிவிடும்.

அதனால் கனடாவில் இருக்கும் மச்சாள் ஒரு சின்னக் கருவி அனுப்பினா. இரண்டு கை விரல்களையும் அதில் அரை நிமிடம் வைத்தால் துடிப்பின் கோடு தொலைபேசியில் விழும். அதை வைத்தியருக்கு அனுப்புவேன். அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் வில்லெம் ஐந்தோவனை நினைப்பேன்.

அவர் 1860இல், ஒல்லாந்தர் ஆண்ட ஜாவாவின் செமராங் நகரில் பிறந்தவர். தகப்பன் வைத்தியர். அவர் இறந்தபோது மகன் சிறுபிள்ளை. விதவையான தாய் 1870இல் ஆறு பிள்ளைகளோடு கப்பலேறி ஒல்லாந்துக்குப் போய் உட்ரெக்ட் நகரில் குடியேறினார். அப்படி வளர்ந்த பிள்ளை 25 வயதில் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

இதயத்தின் மின்சாரம் மிக நுண்ணியது. அன்றிருந்த கருவிகள் அதை மங்கலாகவே காட்டின. ஐந்தோவன் வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையொன்றைப் பலமான காந்தங்களுக்கு நடுவில் தொங்கவிட்டார். இதயம் துடிக்க இழை அசைந்தது. அதன் நிழலைப் பெருப்பித்து, நகரும் படத்தகட்டில் பதிந்தார். இன்றும் வைத்தியர்கள் சொல்லும் பி, கியூ, ஆர், எஸ், டி என்ற எழுத்துகள் அவர் வைத்தவைதான். கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் தேவை. நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீரில் அமிழ்த்தி இருக்கவேண்டும்.

அதை வைத்தியசாலைக்குத் தூக்கிப்போக முடியாது. படுக்கையில் கிடக்கும் நோயாளியையும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே 1905இல் இரண்டுக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைபேசிக் கம்பியால் துடிப்பை வரவழைத்தார். நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தார், அவருடைய இதயத்தின் கோடு மட்டும் பயணம் போனது. 1906இல் அவர் வெளியிட்ட பதிவுகளில் அம்மாவின் நோயின் தாறுமாறான துடிப்பும் உண்டு. அதன் காரணம் மேலறைகளின் நடுக்கமே என்று 1909இல் லண்டனில் தோமஸ் லூயிஸ் காட்டினார்.

1924இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கருவி செய்ய உதவிய பழைய உதவியாளரைத் தேடினாராம். அவர் இறந்துவிட்டார், சகோதரிகள் இருவர் வறுமையில் இருந்தார்கள். பணத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1927இல் லைடனில் காலமானார்.

அம்மா இரு கை விரல்களால் தொடும் கருவி, அவர் இரு கைகளுக்கும் இடையே எடுத்த அதே முதலாவது பதிவைத்தான் எடுக்கிறது. உப்புநீர் வாளிதான் இல்லை.

போன மாதம் ஒரு இரவு கோடு குழம்பியிருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, தூங்கி எழுந்ததுபோல் இருந்தா. காலையில் வைத்தியர் பார்த்துவிட்டு மருந்தை மாற்றினார். இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசையை மட்டும், துடிப்பு சரியானாலும், தன்னைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம் என்றார்.

வன்னியில் பாதை மூடிய நாட்களில் வைத்தியரிடம் போக முடியாமல் செத்தவர்களை அம்மா எண்ணிச் சொல்லுவா. இப்போது இரவில் விளக்கை அணைக்கமுன், நான் சொல்லாமலே விரல்களை வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறா.