ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன்

ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் (1827 – ஜூலை 29, 1892) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் இந்திய விளைபொருட்கள் குறித்த ஆய்வாளரும் ஆவார். இலண்டனில் இயங்கிய இந்திய அருங்காட்சியகத்தின் இயக்குநராக இரண்டு பதிற்றாண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றினார். இந்தியத் துணிகளின் உண்மையான துண்டுகளை ஒட்டி 1866ஆம் ஆண்டு இவர் வெளியிட்ட 18 தொகுதிகள் கொண்ட மாதிரித் தொகுப்பே இவரது பெயரை இன்றளவும் நிலைக்கச் செய்துள்ளது. மொத்தம் 20 படிகள் மட்டுமே தயாரிக்கப்பட்ட இத்தொகுப்பு, நெசவு வரலாற்றில் அரிதான ஆவணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இளமையும் மருத்துவப் பணியும்

வாட்சன் அபர்டீன்சயர் பகுதியைச் சேர்ந்த ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். அபர்டீன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1847இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் கைஸ் மருத்துவமனையிலும் பாரிசிலும் பயிற்சி பெற்று, 1850இல் பம்பாய் மாகாண மருத்துவப் பணியில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். அகமத்நகரிலும் சிந்துப் பகுதியிலும் படைப்பிரிவுகளுடன் இருந்த பின், பம்பாயின் ஜம்செட்ஜி ஜீஜிபாய் மருத்துவமனையிலும் கிராண்ட் மருத்துவக் கல்லூரியிலும் பணிபுரிந்தார்.

உடல்நலக் குறைவால் 1853இல் இங்கிலாந்து திரும்பினார். இந்தியாவில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ மூன்றாண்டுகளே. நோயாளிகளைக் கவனித்த மருத்துவர் துணிகளின் பக்கம் திரும்பியது எவ்வாறு என்ற கேள்வி எழலாம். ஊர் திரும்பியபின் அவர் கரியின் சுகாதாரப் பயன்களை ஆராய்ந்தார். அதன் பிறகு, இந்திய உணவுத் தானியங்களின் சத்து மதிப்பைக் கண்டறியும் பணியைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவை இவரிடம் ஒப்படைத்தது. பொருளை எடைபோட்டு, அளந்து, பட்டியலிடும் பழக்கம் அங்கே உருவானது எனலாம். 1858இல் இந்திய விளைபொருட்கள் பற்றிய அறிக்கையாளராகவும் இந்திய அருங்காட்சியகத்தின் இயக்குநராகவும் நியமிக்கப்பட்டார்.

துணி மாதிரித் தொகுப்பு

கிழக்கிந்தியக் கம்பெனி 1801இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகத்தில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து சேர்க்கப்பட்ட துணிகள் பெருமளவில் இருந்தன. மக்கள் வந்து பார்த்துச் செல்லும் காட்சிப் பொருளாக மட்டும் அவை கிடப்பதில் வாட்சனுக்கு உடன்பாடில்லை. அருங்காட்சியகம் வணிகத்துக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏறத்தாழ 20 கோடி மக்கள் வாழும் நாட்டில் மான்செஸ்டர் ஆலைகளின் துணி இன்னும் அதிகமாக விற்க வேண்டுமானால், அம்மக்கள் எதை உடுத்துகிறார்கள் என்பதை ஆலைக்காரர்கள் முதலில் அறிய வேண்டும் என்று அவர் கருதினார்.

அதற்கு அவர் கண்ட வழி புதுமையானது. அருங்காட்சியக இருப்பிலிருந்த துணிகளை வெட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் ஒட்டச் செய்தார். ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எண் இடப்பட்டது. துணியின் வகை, முழு நீளம், அகலம், எடை, வாங்கப்பட்ட ஊர், விலை ஆகியவை உடன் அச்சிடப்பட்டன. இவ்வாறு ஒன்றுபோல் அமைந்த 20 படிகள் உருவாயின. அதாவது 14,000 துணித்துண்டுகள். இவற்றுள் 13 படிகள் பிரித்தானியத் தீவுகளில் வைக்கப்பட்டன. மான்செஸ்டர், பிரஸ்டன், கிளாஸ்கோ, பெல்ஃபாஸ்ட் முதலியவை அவற்றைப் பெற்ற நகரங்கள். எஞ்சிய ஏழு படிகள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. சென்னைக்கும் ஒன்று வந்தது. மாதிரிகளைப் பொதுமக்கள் தடையின்றிப் பார்வையிடலாம் என்பது நிபந்தனை.

எல்லாப் படிகளிலும் ஒரே எண் ஒரே துணியைக் குறித்ததால், சென்னையில் உள்ள முகவர் ஒருவர் எண்ணை மட்டும் குறிப்பிட்டு எழுதினாலே மான்செஸ்டரில் உள்ளவர் தன் முன்னிருக்கும் ஏட்டைப் புரட்டி அந்தத் துணியைத் தொட்டுப் பார்க்க முடிந்தது. இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் உதிரிப் பாகங்களுக்கு எண் இட்டுப் பல நாட்டுத் தொழிற்சாலைகள் ஒரே பொருளைப் பேசிக்கொள்வதும் இதே முறையில்தான்.

இத்தொகுப்புக்குத் துணையாக, இந்திய மக்களின் நெசவுத் தயாரிப்புகளையும் உடைகளையும் பற்றிய நூல் ஒன்றையும் அதே ஆண்டில் எழுதினார். இந்தியர் உடுத்துவதில் பெரும்பகுதி தையல் இல்லாத துணி என்பதை இந்நூல் விரிவாக விளக்குகிறது. தலைப்பாகை, வேட்டி, புடவை போன்றவை தறியிலிருந்து இறங்கும்போதே முழுமை பெற்ற ஆடைகள். ஆகவே அவற்றின் நீளமும் கரையும் முந்தானையும் ஊருக்கு ஊர் மாறுவதை அறியாமல் ஒரே அளவில் நெய்து கப்பலேற்றுவது வீண் என்று அவர் எச்சரித்தார்.

நெசவாளர் நிலை

இத்தொகுப்பில் ஊர்ப் பெயர் உண்டு, விலை உண்டு. நெய்தவர் பெயர் இல்லை. பிரித்தானியாவில் 1842ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைத் துணிகளின் வடிவங்களைப் பதிவுசெய்து காக்க வழிசெய்திருந்தது. அதே நாட்டின் ஆலைக்காரர்களுக்கு இந்திய நெசவாளரின் கரையும் கட்டமும் விலையின்றித் திறந்து வைக்கப்பட்டன. தொகுப்பைக் குறைகூறுவோர் சுட்டிக்காட்டுவது இதைத்தான், அக்குறை நியாயமானதே.

எனினும் வாட்சனை இந்திய நெசவின் எதிரி என்று மட்டும் கூறிவிட இயலாது. நுண்ணிய வேலைப்பாடுள்ள துணிகளில் இந்தியக் கைத்தறியை ஆலைகளால் வெல்ல முடியாது என்றும், அவற்றை ஐரோப்பாவில் விற்க வேண்டும் என்றும் அதே நூலில் அவர் வாதிட்டார். டாக்கா மஸ்லினையும் ஐரோப்பிய மஸ்லினையும் அவர் ஒப்பிட்டு அளந்தது குறிப்பிடத்தக்கது. டாக்கா நூல் மெல்லியதாக இருந்ததோடு, அங்குலத்துக்கு 110 வரை முறுக்குகளைக் கொண்டிருந்தது. ஐரோப்பிய நூலில் அந்த எண்ணிக்கை 70ஐத் தொடவில்லை. டாக்கா மஸ்லின் துவைத்தாலும் நீண்டநாள் உழைப்பதற்கு இந்த முறுக்கே காரணம் என்று அவர் முடிவு செய்தார். கையால் நூற்ற நூல் இயந்திர நூலைவிட மேலானது என்பதை அளவீட்டால் நிறுவியவர், இயந்திரத்தின் வணிகத்துக்காகச் சம்பளம் பெற்ற அதிகாரி என்பது வியப்புக்குரியது.

தமிழகத்தில் இக்கேள்வி பிற்காலத்தில் வேறு வடிவில் வந்தது. ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து மேற்கே சென்றால் காஞ்சிபுரமும், அதற்குத் தெற்கே ஆரணியும் வரும். 19ஆம் நூற்றாண்டில் மஸ்லினுக்குப் பெயர் பெற்றிருந்த ஆரணி இன்று பட்டுக்கே அறியப்படுகிறது. காஞ்சிபுரத்தில் கோர்வை முறையில் உடலுக்கும் இரு கரைகளுக்குமாக மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்கின்றனர். தறியில் துணையாள் ஒருவரும் அமர வேண்டும். கரையும் முந்தானையும் ஆடையோடு சேர்ந்தே பிறக்கும் துணிகளில்தான் கைத்தறி தாக்குப்பிடிக்கும் என்ற வாட்சனின் கணிப்புக்கு இது நல்ல சான்று. வடிவங்களைக் களவிலிருந்து காக்கும் ஏற்பாடு மட்டும் மிகத் தாமதமாகவே வந்தது. காஞ்சிபுரம் பட்டு 2005ஆம் ஆண்டில்தான் புவிசார் குறியீடு பெற்றது.

பிற பணிகள்

1862 இலண்டன், 1867 பாரிஸ், 1873 வியன்னா ஆகிய பன்னாட்டுக் கண்காட்சிகளில் இந்தியப் பிரிவின் பொறுப்பை வாட்சன் ஏற்றார். ஜான் வில்லியம் கேயுடன் இணைந்து பதிப்பித்த இந்திய மக்கள் பற்றிய ஒளிப்படத் தொகுப்பு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட இந்நூல் மக்களைச் சாதி வாரியாக வகைப்படுத்திய விதம் பின்னாளில் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. துணிக்கு எண் இடுவதும் மனிதருக்கு எண் இடுவதும் ஒன்றல்லவே.

பொருளாதார மதிப்புள்ள தாவரங்களின் பெயர் அகரவரிசை (1868), புகையிலை, ரீயா நார், பருத்தி அரவை இயந்திரங்கள் (1879) பற்றிய அறிக்கைகள் ஆகியவை இவருடைய ஏனைய ஆக்கங்கள். துணி மாதிரிகளின் இரண்டாம் வரிசை, விளக்கப்படங்களுடன் 1870களில் வெளியிடப்பட்டது.

இறுதிக் காலம்

இந்திய அருங்காட்சியகம் நிலையான இடமின்றி அலைந்தது. 1861இல் ஃபைஃப் மாளிகைக்கும், 1869இல் இந்திய அலுவலகத்தின் மேல்மாடிக்கும் மாற்றப்பட்டது. இந்தியாவுக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் பொதுவான பேரருங்காட்சியகம் ஒன்றை நிறுவுமாறு வாட்சன் 1876இல் திட்டம் வெளியிட்டார். அது ஏற்கப்படவில்லை. மாறாக, 1879இல் அருங்காட்சியகமே கலைக்கப்பட்டு, அதன் சேகரிப்புகள் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் (இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம்), பிரித்தானிய அருங்காட்சியகம், கியூ தாவரவியல் பூங்கா ஆகியவற்றுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. மறு ஆண்டு வாட்சன் ஓய்வு பெற்றார். 1892இல் இலண்டனின் அப்பர் நார்வுட் பகுதியில் காலமானார்.

தொகுப்பின் இன்றைய மதிப்பு

வெட்டப்பட்டவை முழுத் துணிகள் என்பதால் அவற்றின் முழு அமைப்பை இனி காண இயலாது. ஆயினும் வெளிச்சம் படாமல் ஏட்டுக்குள் இருந்தமையால் பல மாதிரிகளின் சாயம் மங்காமல் உள்ளது. வேறு எங்கும் எஞ்சாத வகைகள் சில இங்கே ஓர் அங்கையளவுத் துண்டாக மட்டும் பிழைத்திருக்கின்றன. பிரஸ்டன் நகருக்கு வழங்கப்பட்ட படி அங்குள்ள ஹாரிஸ் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆலைகள் அதைப் பார்த்துப் படியெடுத்த காலம் முடிந்துவிட்டது. லங்காஷயரின் பருத்தி ஆலைகள் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டிலேயே மூடப்பட்டன. காஞ்சியிலும் ஆரணியிலும் தறிகள் இயங்கிக்கொண்டிருக்கின்றன.