அடையாறு அம்மையார் மீது பாய்ந்தது எந்தச் சட்டம்?

அரசாங்கத்தைத் திட்டி எழுதினால் தேசத் துரோகமா? இல்லவே இல்லை!

சர்க்கார் மீது ஜனங்களுக்கு வெறுப்பு மூட்டுவது அரச நிந்தனை. வெள்ளைக்காரன் சட்டத்தில் அது 124-ஏ பிரிவு. நாட்டின் எதிரியோடு கைகோர்ப்பதும், ஆயுதம் தூக்குவதும்தான் துரோகம். யுத்தம் தொடுப்பதற்கு 121-வது பிரிவு. தூக்குக் கயிறு வரை போகும். இரண்டையும் போட்டுக் குழப்புவது இன்றைக்கும் சகஜம்.

அடையாறு அன்னிபெசன்ட் அம்மையார் கதையைக் கேட்டால் குழப்பம் தீரும்.

1847-ல் லண்டனில் பிறந்தவர். ஐரிஷ் ரத்தம். 1893-ல் இந்தியா வந்தார். 1907-ல் பிரம்மஞான சபையின் தலைவி. 1914-ல் ஒரு பத்திரிகையை விலைக்கு வாங்கி, "நியூ இந்தியா" என்று பெயர் மாற்றி, சுயாட்சி கேட்டு வெளுத்துக் கட்டினார். உலகப் போர் நேரம். சர்க்கார் சும்மா விடுமா?

1916 மே மாதம் 2 ஆயிரம் ரூபாய் ஜாமீன் கட்டச் சொன்னார்கள். ஆகஸ்டில் அது பறிமுதல். அடுத்து 10 ஆயிரம்! அதையும் கட்டினார். ஐகோர்ட்டில் தாமே வாதாடினார். பலிக்கவில்லை.

அதே ஆகஸ்டில் லண்டனில் ரோஜர் கேஸ்மென்ட் என்ற ஐரிஷ் தலைவர் தூக்கில் தொங்கினார். ஜெர்மனியிடம் ஆயுதம் கேட்டவர் அவர். அம்மையார் கையிலோ வெறும் பேனா. அவர் கேட்டதும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு உள்ளேயே சுயாட்சிதான்.

1917 ஜூனில் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அதிரடி உத்தரவு போட்டார். அம்மையார், அருண்டேல், வாடியா மூவருக்கும் காவல்! 124-ஏ போடவில்லை. 121-ம் இல்லை. போர்க்கால இந்தியப் பாதுகாப்பு விதிகளைக் காட்டி, விசாரணையே இல்லாமல் ஊட்டிக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏன்? திலகர் மீது போட்ட ஜாமீன் உத்தரவை பம்பாய் ஐகோர்ட் 1916 நவம்பரில் ரத்து செய்துவிட்டது. சுயாட்சி கேட்பது குற்றமாகாது என்று ஆகிப்போச்சு. கோர்ட்டுக்குப் போனால் சர்க்கார் மூக்குதான் உடையும்!

அம்மையார் அசரவில்லை. ஊட்டி பங்களாவில் சிவப்பு-பச்சை ஹோம் ரூல் கொடியை ஏற்றினார். ஐகோர்ட் ஜட்ஜாக இருந்து ரிடையரான மணி ஐயர், அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே லெட்டர் போட்டார். ஊரெல்லாம் கண்டனக் கூட்டம்.

செப்டம்பரில் விடுதலை. டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்கு அவரே தலைவர்!

பிறகு காந்தியின் ஒத்துழையாமையை எதிர்த்தார், செல்வாக்கு சரிந்தது. 1933 செப்டம்பர் 20-ந் தேதி அடையாறிலேயே காலமானார். பெசன்ட் நகர் அவர் பெயரில்தான் இருக்கிறது.