தரங்கம்பாடி சீகன்பால்கு ஐயர்

1706 ஜூலையில் கரையிறங்கியபோது அவருக்குச் சுமார் 24 வயசு. டென்மார்க் மன்னர் அனுப்பிய ஆள்தான்; ஆனாலும் டேனிஷ் கம்பெனி அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். மறு வருஷம் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம். அத்தனை பேரும் அடிமைகள். அதே வருஷம் சின்னதாய் ஒரு கோயில். 1708-இல் டேனிஷ் தளபதி அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். நாலு மாசம். வெளியே வந்து, விட்ட இடத்திலேயே தொடர்ந்தார்.

நம்ம மெக்கானிக்கல்காரர்கள் கவனிக்க: ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து ரொம்பப் பெரிசு, காகிதத்தைத் தின்றது. சின்ன எழுத்தை இங்கேயே வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள்.

1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை. அடுத்த பிப்ரவரியிலேயே, 36 வயசில், காலமானார். அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம்.